கூட்டத்தில் எல்லோரும் தலையசைக்கிறார்கள், வேலை மட்டும் நகரவில்லை: நல்ல தலைவர் என்பவர் யார்?

புதுப்பொறுப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகள் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிந்த பிறகு, எட்டு மாதங்களுக்கு முன்பு அதே பிரிவில் பதினோரு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டேன். வேலையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. குழுவில் யாருக்கு எந்தக் கணக்கில் சிக்கல் வந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் நானே தீர்த்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் தலைமை என்ற ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதை ஒவ்வொரு வாரமும் உணர்கிறேன்.

திங்கட்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் வேலை எப்படிப் போகிறது என்று கேட்கிறேன். "போய்க்கொண்டிருக்கிறது" என்ற ஒரே பதிலே பதினோரு முறை வருகிறது. கெடுவுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போதுதான் வேலை பாதிகூட முடியவில்லை என்பது வெளியே வருகிறது. சென்ற மாதம் வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்ட அறிக்கையில் ஒரு தொகை இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. குழுவில் மூன்று பேருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது.

நான் யாரையும் கடிந்து பேசுபவன் அல்லன். எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் இந்த மௌனம்? பணியிடத்தில் ஒருவரை மிகச் சிறந்த தலைவர் ஆக்குவது எது? அது சிலருக்குப் பிறவியிலேயே அமைவதா, அல்லது என்னைப் போன்றவர்களும் கற்றுக்கொள்ளக்கூடியதா?

பழைய மேற்பார்வையாளர்:

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மூன்று பேருக்குத் தெரிந்த பிழை உங்களுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் மேற்பார்வைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒரு தலைவரை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். கெட்ட செய்தி அவரை வந்தடைய எத்தனை நாட்கள் ஆகின்றன என்று பாருங்கள். பேச்சுத் திறன், தொலைநோக்கு, மிடுக்கு ஆகியவையெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து செயல்படும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. கிடைத்த எண்ணிக்கையோ தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் பின்னர் வந்து சேர்ந்தார். 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உளவியல் பாதுகாப்பு, அதாவது தவறையோ ஐயத்தையோ வெளியே சொன்னால் தனக்குக் கேடு வராது என்று குழுவில் இருக்கும் நம்பிக்கை, என்ற சொல் நிர்வாகத் துறையில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. ஆகவே உங்கள் கூட்டத்தில் சிக்கலே வெளிவரவில்லை என்றால், அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஃபோர்டு நிறுவனத்தில் நடந்தது. 2006இல் ஆலன் முலாலி அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஓராண்டில் மட்டும் நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். வாரந்தோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் உயர் அதிகாரிகள் தங்கள் பணிகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்க, கூட்டத்தில் காட்டப்பட்டவை எல்லாம் பச்சையாகவே இருந்தன. இவ்வளவு பெரிய நட்டத்துக்கு நடுவில் சரியில்லாதது எதுவுமே இல்லையா என்று அவர் கேட்ட பிறகு, மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு புதிய வண்டியின் வெளியீடு பின்கதவுப் பழுதால் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைச் சிவப்பில் காட்டினார். அவருடைய வேலை அன்றோடு போயிற்று என்று மற்றவர்கள் நினைத்த நொடியில் முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. உதவி அங்கேயே கிடைத்தது. சில வாரங்களில் மற்றவர்களின் பலகைகளிலும் மஞ்சளும் சிவப்பும் தென்படத் தொடங்கின.

என் சொந்தக் கதை இவ்வளவு அழகானது அல்ல. யாராவது ஒரு சிக்கலைக் கொண்டுவந்தால் "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்பது பல ஆண்டுகள் என் வழக்கமாக இருந்தது. நியாயமான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த முறை இன்னும் தாமதமாகச் சொல்வதற்கு அவர்களைப் பழக்கியதே அந்தக் கேள்விதான் என்பது ஒரு பெரிய இழப்புக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறகு "இப்போது உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன், அது இயல்பாக வாயில் வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

நீங்கள் கடிந்து பேசுபவர் அல்லர் என்பதை நம்புகிறேன். ஆனால் ஒருவர் மூன்று நாட்கள் திணறிய ஒன்றை நீங்கள் அரை மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுக்கும்போது, அவர் தம் இருக்கைக்கு எந்த மனநிலையில் திரும்பிப் போகிறார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சுடுசொல்லும் இல்லாமலேயே ஒருவரைக் கூசிப்போக வைக்க முடியும்.

மாற்றுக்கருத்து:

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மௌனம் எல்லாவற்றுக்கும் அச்சமே காரணம் என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. என்ன சொல்ல வேண்டும், எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும், யார் முடிவெடுப்பார் என்பது தெரியாததாலும் மனிதர்கள் பேசாமல் இருப்பார்கள். "வேலை எப்படிப் போகிறது?" என்ற கேள்விக்கு "போய்க்கொண்டிருக்கிறது" என்பது மிகச் சரியான விடை. கேள்வியே கலங்கலாக இருக்கும்போது விடை மட்டும் தெளிவாக எப்படி வரும்?

தலைமைப் பாணிகளைப் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்றை உளவியலாளர் கர்ட் லெவின் தம் சக ஆய்வாளர்களான லிப்பிட், வைட் ஆகியோருடன் நடத்தி 1939இல் வெளியிட்டார். சிறுவர் குழுக்களுக்கு மூன்று விதமான தலைவர்களை அமர்த்திப் பார்த்தார்கள்: ஆணையிடுபவர், கலந்து முடிவெடுப்பவர், எதிலும் தலையிடாமல் விட்டுவிடுபவர். ஆணையிடும் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை படுத்துவிட்டது. கலந்து முடிவெடுத்த குழுவில் தலைவர் இல்லாத போதும் வேலை தொடர்ந்தது. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தலையிடாமல் விட்ட குழு மிகக் குறைவாகவும் தரமில்லாமலும் வேலை செய்தது என்ற மற்றொரு பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதிகாரம் செலுத்தக் கூடாது என்ற எண்ணத்தில் முடிவே எடுக்காத மேலாளர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்களைக் கலந்து முடிவெடுப்பவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் மூன்றாவது வகை.

நான் அப்படிப்பட்ட ஒருவரிடம் வேலை செய்திருக்கிறேன். மிக நல்ல மனிதர். இரண்டு மென்பொருள்களில் எதை வாங்குவது என்பது குறித்து ஏழு கூட்டங்கள் நடத்தினார். எல்லோருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்காவது மாதம் குழுவின் ஒரு பாதி ஒன்றையும் மறு பாதி மற்றொன்றையும் சோதனைப் பதிப்பில் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். யாருக்கும் அவரிடம் அச்சம் இல்லை. சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் கேள்வியை மாற்றுங்கள். வியாழக்கிழமைக்குள் எந்தப் பகுதி முடியும், அதைச் சரிபார்ப்பவர் யார், முடியாவிட்டால் யாருடைய வேலை தடைப்படும் என்று கேளுங்கள். உங்களிடம் கேட்காமல் அவர்களே முடிவு செய்துகொள்ளக்கூடியவை எவை, உங்களிடம் கேட்டே ஆக வேண்டியவை எவை என்பதை எழுதிக் கொடுங்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரு முடிவைச் சொல்லி, அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். தம் கருத்து ஏற்கப்படாதவர்கூடக் காரணம் தெரிந்தால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்.

மேசைக்கு இந்தப் பக்கம்:

இதுவரை பதில் எழுதிய இருவரும் மேலாளராகவோ மேலாளரை ஆராய்பவராகவோ எழுதியிருக்கிறீர்கள். நான் யாருக்கும் தலைவராக இருந்ததில்லை. பதினான்கு ஆண்டுகளில் ஆறு பேரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அவர்களில் ஐந்து பேர் மோசமானவர்கள் அல்லர். ஆனால் சிறந்தவர் என்று சொன்னால் ஒருவரைத்தான் சொல்வேன்.

அவரிடம் கவர்ச்சியான பேச்சு கிடையாது. கூட்டங்களில் மெதுவாகவும் சற்றே சலிப்பூட்டும் விதத்திலும்தான் பேசுவார். ஆனால் ஒரு முறை மேலிடத்திலிருந்து மூன்று வாரத்தில் முடிக்கவே முடியாத ஒரு வேலை வந்தபோது, அதை அப்படியே எங்கள் தலையில் இறக்காமல், இவ்வளவு வேலைக்கு இத்தனை நாட்கள் ஆகும் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போய், இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டும் மூன்றாவது முறை போய், பாதி வேலையைக் குறைத்துக்கொண்டு வந்தார். இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. நிதிப் பிரிவில் இருந்த ஒருவர் சொல்லித் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று சொன்னால், அது உண்மையிலேயே தேவையான வேலையாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் கேட்டதற்காக ஒரு முறை இரவு வெகுநேரம் இருந்து வேலை பார்த்தோம், யாரும் முணுமுணுக்கவில்லை.

இன்னொன்று. தவறு செய்தால் எங்கள் எதிரிலேயே "நான் போட்ட கணக்கு தவறு" என்பார். அதற்கு விளக்கமோ சமாளிப்போ இருக்காது. அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். எங்கள் தவறுகளையும் நாங்கள் அதே தொனியில் சொல்லக் கற்றுக்கொண்டது அவரிடமிருந்துதான் என்று நினைக்கிறேன்.

1979 ஆகஸ்ட் 10 அன்று இந்தியாவின் எஸ்எல்வி-3 ஏவுகலத்தின் முதல் பயணம் தோல்வியடைந்தபோது, திட்டத்தை வழிநடத்திய அப்துல் கலாமைச் செய்தியாளர்கள் முன் நிறுத்தாமல் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே முன்வந்து பொறுப்பை ஏற்றதும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமையே பேசச் சொன்னதும் நம் எல்லோருக்கும் தெரியும். கலாமே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். என்னுடைய ஆறு மேலாளர்களில் நான்கு பேர் இந்த நிகழ்வை எங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதன்படி நடந்துகொண்டவர் ஒருவர்தான். அவர் அதை ஒருபோதும் சொன்னதில்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று: வாடிக்கையாளருக்குப் போன அந்தத் தவறான அறிக்கையைப் பற்றி மேலிடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்கள் குழுவுக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். அவர்களுடைய மௌனத்துக்கான விடையில் ஒரு பங்கு அங்கே இருக்கலாம்.

மனிதவளத் துறையிலிருந்து:

பிறவிக் குணமா என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாக. கூகுள் நிறுவனம் 2002இல் பொறியியல் பிரிவில் மேலாளர்களே வேண்டாம் என்று ஒரு சோதனை செய்து பார்த்தது. செலவுக் கணக்கு முதல் ஊழியர்களுக்கு இடையிலான பூசல் வரை எல்லாம் நிறுவனரின் மேசைக்கே வந்து சேர்ந்ததால் சில மாதங்களில் அதைக் கைவிட்டது. பின்னர் அங்கே நல்ல மேலாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று உள்ளேயே ஆராய்ந்து எட்டு நடத்தைகளைத் தொகுத்தார்கள். நன்றாக வழிகாட்டுவது, ஒவ்வொன்றிலும் தலையிடாமல் பொறுப்பை ஒப்படைப்பது ஆகியவை முன்னே வந்தன. தொழில்நுட்பத் திறன் எட்டாவது இடத்தில்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் நடத்தைகள் என்பதைக் கவனியுங்கள். நடத்தை என்றால் பழகிக்கொள்ளலாம்.

அதேசமயம் தவறு முழுவதையும் உங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு வேலையில் சிறந்தவரை அதற்குப் பரிசாக அந்த வேலையிலிருந்தே பிடுங்கி வேறொரு வேலையில் அமர்த்துவது எங்கள் துறையின் பழைய நோய். கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969இலேயே இதைக் கிண்டலாக ஒரு விதியாக்கினார்: ஒருவர் தமக்குத் திறமை இல்லாத பதவியை அடையும் வரை பதவி உயர்வு பெற்றுக்கொண்டே இருப்பார். உங்களுக்குப் பயிற்சி ஏதேனும் தரப்பட்டதா? பழைய பகுப்பாய்வு வேலை குறைக்கப்பட்டதா? பதினோரு பேரையும் கவனித்துக்கொண்டு முழுநேரப் பகுப்பாய்வும் செய்கிறீர்கள் என்றால், முதலில் அதைப் பற்றி உங்கள் மேலாளரிடம் பேசுங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரோடும் தனியே அரை மணி நேரம் பேச உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். அதில் வேலையின் நிலவரத்தைக் கேட்கக் கூடாது, அதற்குத்தான் திங்கட்கிழமை இருக்கிறதே.

புதுப்பொறுப்பு:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், பதில்களைப் படித்துவிட்டு உடனே நன்றி சொல்லிப் போய்விட மனம் வரவில்லை.

முதலில் என் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டிப் பார்த்தேன். இந்த எட்டு மாதங்களில் குழுவினர் என்னிடம் கொண்டுவந்த சிக்கல்கள் பதினான்கு. அவற்றில் பதினொன்றை நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன். கடைசி இரண்டு மாதங்களில் என்னிடம் வந்தது ஒன்றே ஒன்று. குழு தேறிவிட்டது என்று அதற்கு நான் பொருள் கொண்டிருந்தேன்.

அந்த அறிக்கையைப் பற்றிய கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. சரிபார்ப்பில் கவனக்குறைவு நேர்ந்தது என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தேன். யாருடைய கவனக்குறைவு என்று எழுதவில்லை. ஆனால் சரிபார்ப்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்திட்டு அனுப்பியவன் நான் என்பதை எழுதியிருக்க வேண்டும். அதை இப்போது மேலிடத்துக்கு எழுதி, குழுவுக்கும் நகல் அனுப்பினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை; சரிபார்ப்பவர் மட்டும் மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சற்று நேரம் நின்று பேசிவிட்டுப் போனார்.

கூட்டத்தின் கேள்வியையும் மாற்றினேன். "இந்த வாரம் செய்யவிருப்பதில் எந்த இடம் உங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை?" என்று கேட்டேன். முதல் திங்களன்று பயனில்லை. நான் எனக்கு உறுதியில்லாத ஒன்றைச் சொல்லியும் கூட்டம் பேசாமல் இருந்தது. இரண்டாவது திங்களன்று, குழுவில் வயதில் இளையவர், தாம் இணைத்த இரண்டு தரவுத் தொகுப்புகளில் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றும், ஒரு வாரமாகக் காரணம் தெரியவில்லை என்றும் சொன்னார். எனக்குக் காரணம் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. கை தானாகவே கணினிப் பக்கம் போயிற்று. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டேன். அந்த அரை நிமிட அமைதியைப் போல நீண்ட ஒன்றை நான் அனுபவித்ததில்லை. பிறகு ஒருவர் முன்வந்தார். இருவருமாகச் சேர்ந்து நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் செய்திருந்தால் அரை மணி நேரம். அந்த நான்கு நாட்களும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்ததோடு, அதே பிழை வேறு இரண்டு அறிக்கைகளிலும் இருப்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். எனக்கு அது தோன்றியிருக்காது.

பழைய வேலையில் பாதியைக் குறைத்துத் தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை. எவையெவற்றை அவர்களே முடிவு செய்யலாம் என்ற பட்டியலை எழுதத் தொடங்கி, பாதியில் நிற்கிறேன். எழுத எழுத, நான் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவைதான் அதிகம் என்று தெரிகிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. குழுவில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தெரிந்தும் சொல்லாத அந்த மூவரில் அவரும் ஒருவர். புதிய கேள்விக்கும் "போய்க்கொண்டிருக்கிறது" என்றே சொல்கிறார். மரியாதைக்குக் குறைவில்லை, வேலையிலும் குறையில்லை. தனியே பேச அமர்ந்தபோதும் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

மேசைக்கு இந்தப் பக்கம்:

உங்கள் பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருந்தாரா?

புதுப்பொறுப்பு:

ஆம். இறுதிச் சுற்று வரை அவரும் நானும்தான் இருந்தோம்.

மேசைக்கு இந்தப் பக்கம்:

அது ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை என்று நிர்வாகத்தில் யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசினார்களா? நீங்களாவது அதைப் பற்றி ஒரு சொல் பேசியிருக்கிறீர்களா? எனக்கும் ஒரு முறை அப்படி நேர்ந்தது. பதவி கிடைக்காதது ஓராண்டில் ஆறிவிட்டது. அது நடக்கவே நடக்காதது போல எல்லோரும் என்னிடம் நடந்துகொண்டதுதான் ஆறவில்லை.

புதுப்பொறுப்பு:

இல்லை, யாரும் பேசவில்லை. அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நானும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எழுதும்போதுதான் தெரிகிறது, சங்கடப்பட்டது நான். வெள்ளிக்கிழமை மாலை அவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். இந்த முறை வேலையைப் பற்றிப் பேசப் போவதில்லை.